சாவா மூவா ஆநிரை

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, காதத்திற்குக் குறைந்த தொலைவில், மாடம்பாக்கம் என்னும் ஊர் உளது. அவ்வூரில் சோழர் காலத்துக் கற்றளியொன்றில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தேனுபுரீசுவரர் என்பது திருநாமம். தேனு என்பது பசு. கபில முனிவர் பசுவாய்ப் பிறந்து பால் சொரிந்து வழிபட்ட தலம் என்பது தலபுராணம் கூறும் செய்தி. நம் சங்கத்து அன்பர் பலர் அக்கோயிலுக்குச் சென்று வழிபட்டிருப்பர். ஆயினும், அப்புராணம் எழுந்த காலத்தில் அவ்வூரைச் சூழ எத்துணைப் பசுக்கள் மேய்ந்திருக்க வேண்டும் என்பதையும், அவற்றைப் பேணியவர் யாவர் என்பதையும், அந்நிரைகள் இன்று எங்கே போயின என்பதையும் எண்ணியவர் சிலரே ஆவர். அவ்வெண்ணத்தை இக்கட்டுரையால் எழுப்ப விரும்புகின்றோம்.

ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக மாட்டினத்தைப் பெருக்கி, அதனையே தன் முதலாகவும் வாழ்வாகவும் கொண்டு நடாத்தும் தொழில், நம் குலத்தார்க்குப் புதியதன்று. அதுவே நம் குலத்திற்குப் பெயர் தந்தது. ஆயர் என்னும் சொல் ஆ என்பதன் அடியாகப் பிறந்தது. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருளென்பதைத் திருக்குறள் கற்றார் அனைவரும் அறிவர். முல்லைக்கலியோ நம்மவரைக் கோவினத்தார், கோட்டினத்தார், புல்லினத்தார் என மூவகையாகப் பகுத்துக் கூறுகின்றது. பசு வளர்ப்போர் ஒரு சாரார். எருமை வளர்ப்போர் ஒரு சாரார். ஆடு வளர்ப்போர் ஒரு சாரார். ஒரே குலத்துள் இவ்வாறு தொழிற்பகுப்பு உண்டாதல், அத்தொழில் நன்கு முதிர்ந்த பின்னரே நிகழும். கண்டது மேய்த்து உண்டது கொண்டு வாழ்ந்த கூட்டத்தாரிடையே இத்தகைய பகுப்பு எழாது.

இத்தொழில் எத்துணை ஒழுங்குடன் நடந்தது என்பதற்குச் சோழர் கல்வெட்டுக்கள் சான்றாகின்றன. கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பிய அரசரும் செல்வரும் பொன்னையோ நிலத்தையோ அளித்ததோடு நில்லாது, கால்நடைகளையும் அளித்தனர். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என அளவு வகுக்கப்பட்டிருந்தது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். அவ்விடையர்க்கு அவர் உறவினர் பிணை நின்றனர். இவ்வாறு விடப்பட்ட ஆட்டு நிரைக்குக் கல்வெட்டுக்கள் இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு' என்பது.

இத்தொடரை யாம் முதன்முதல் படித்தபோது, சாகாத ஆடும் உளதோ, மூப்படையாத ஆடும் உளதோ என்று வியந்தோம். பின்னரே அதன் நுட்பம் விளங்கிற்று. தனித்தனி ஆடு சாகும், மூக்கும். ஆயின், ஒன்று சாக மற்றொன்று ஈனும்; ஒன்று மூக்க மற்றொன்று வளரும். பேணுவோன் அறிவுடையனாயின் தொண்ணூற்றாறு என்றும் தொண்ணூற்றாறாகவே நிற்கும். ஆகவே சாவாமையும் மூவாமையும் ஆட்டின் இயல்பல்ல, நிரையின் இயல்பு. அந்நிரையைக் குறையாது காப்பது ஒரு குடும்பத்தின் கடன். இக்காலத்து வணிகர் முதல் என்றும் ஆதாயம் என்றும் பிரித்துப் பேசுவதனை, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் முன்னோர் ஒரு தொடரில் அடக்கினர்.

இவ்வேற்பாட்டில் இடையர்க்கு நின்ற ஊதியம் யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். உழக்கென்பது நாழியிற் கால் பங்கு. நாற்பத்தெட்டுப் பசுக்களில் ஒரு பகுதியே ஒரு காலத்துக் கறவையாயிருக்கும் எனக் கொள்ளினும், நாளொன்றுக்குக் கால் நாழி நெய் அளப்பது பெருஞ்சுமையன்று. எஞ்சிய பாலும், மோரும், எருவும், பெருகிய கன்றுகளும் பேணுவோனுக்கே உரியனவாயிருத்தல் வேண்டும். ஆதலின் கோயில் நம் முன்னோர்க்கு அளித்தது கூலியன்று, தொழில் முதல். அம்முதலைக் கொண்டு அவர் தம் குடியை வளர்த்தனர்.

இத்தொழிலுக்கு மூன்று உறுப்புக்கள் இன்றியமையாதன. முதலாவது, நல்ல பொலிகாளை. நூறு பசுவுக்குத் தந்தையாகும் காளை ஒன்றே. அஃது இழிந்ததாயின் நூறு கன்றும் இழியும். இரண்டாவது, மேய்ச்சல் நிலம். ஒவ்வோர் ஊரிலும் மேய்க்கால் என்றும் மந்தைவெளி என்றும் பொதுநிலம் இருந்தது. மூன்றாவது, நினைவு. இன்ன கிடாரி இன்ன பசுவின் வயிற்றது, இன்ன காளைக்குப் பிறந்தது என்று மூன்று தலைமுறை சொல்லவல்ல பெரியவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். ஏட்டில் எழுதப்படாத அக்கணக்கு நாவிலே நின்றது. இம்மூன்றனுள் எது கெடினும் நிரை கெடும். இதனை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர்க் கூறுவன எல்லாம் இம்மூன்றையும் பற்றியனவே.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் மாட்டினம் ஒன்றைக் காத்ததற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு, கொங்கு நாட்டுப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பமாகும். அவர்கள் நம் குலத்தாரல்லர், கொங்கு வேளாளர். எனினும் நற்செயலுக்குக் குலம் பார்த்துப் புகழ்தல் முறையன்று. காங்கயம் மாட்டினத்தின் தூய வழியைப் பேணி, நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்து, சுற்றுப்புறத்துக் குடியானவர்க்கும் பயன்படச் செய்த பெருமை அக்குடும்பத்தாரைச் சாரும். மன்றாடியார் என்பது அவர்கள் வழிவழியாகத் தாங்கிவரும் பட்டம். கல்வெட்டுக்களில் மன்றாடி என்னும் சொல் நிரை காப்போரைக் குறிப்பதையும் காண்கின்றோம். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கூறத் துணியோம். அந்நாட்டில் கிளுவை முள்வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் தனி மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அவற்றில் கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரம் நிழலும் நெற்றும் தரும். செந்நிறமாய்ப் பிறந்த கன்று, ஆறு திங்கள் அளவில் சாம்பல் நிறம் பெறும். மழை குறைந்த அம்மண்ணில் உழவு பொய்த்தாலும் மாடு பொய்க்கவில்லை. காளையும், நிலமும், நினைவும் ஆகிய மூன்றும் ஓரிடத்தே நின்றமையால் அவ்வினம் நின்றது.

நம் குலத்தார் நடாத்திய தொழிலுக்கு எடுத்துக்காட்டு வேண்டின் தென்பாண்டி நாட்டுக் கிடைமாடுகளைக் கூறலாம். மதுரை, சிவகங்கை முதலிய இடங்களில் புலிக்குளம் இனத்து மாடுகளை நூற்றுக்கணக்காகச் சேர்த்து, வயல்தோறும் கிடை போட்டு, எருவுக்குக் கூலி பெற்று வாழும் குடும்பங்களுள் நம்மவரும் உளர். ஏறு தழுவும் விழாவிற்குக் காளைகளை அளிக்கும் இனங்களுள் அதுவும் ஒன்று. 2017-ஆம் ஆண்டு தை மாதத்தில் சென்னை மெரீனாக் கடற்கரையில் இளைஞர் இலக்கக் கணக்கில் கூடி ஏறு தழுவல் உரிமை கேட்டனர். அவர்களுள் கிடைமாட்டைக் கண்ணாற் கண்டவர் எத்துணையர் என்பதை யாம் அறியோம். ஆயின், கிடை இன்றேல் காளையும் இல்லை என்பதை மட்டும் அறிவோம்.

இனி, நாம் வாழும் இத்தென்சென்னைப் புறநகரின் வரலாற்றிற்கு வருவோம். ஆங்கிலேயர் பரங்கிமலையில் பீரங்கிப் படையின் தலைமை நிலையத்தையும், பல்லாவரத்தில் படை வீடுகளையும் அமைத்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு நாள்தோறும் மாட்டிறைச்சி வேண்டும். அதுவரை உழவுக்கும், வண்டிக்கும், பாலுக்குமே மாடு கொண்ட இந்நிலத்தில், இறைச்சிக்கென்று மாடு கேட்கும் நிலையான கொள்வோர் அப்பொழுது தோன்றினர். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரத்துச் சந்தை முன்னாளில் கால்நடைச் சந்தையாயிருந்தது. இன்று அங்கே பழம்பொருளும், செடிகொடியும், வளர்ப்புப் பறவையும் விலையாகின்றன. தரகர் தம் கையையும் கொள்வோர் கையையும் துண்டினால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசும் முறையை இக்காலத்துச் சிறுவர்க்குச் சொன்னால் கதையென்றே எண்ணுவர்.

சைதாப்பேட்டையில் 1860-களில் துரைத்தனத்தார் ஒரு சோதனைப் பண்ணை அமைத்தனர். அதனோடு சார்ந்து 1868-இல் ஏற்பட்ட விவசாயப் பள்ளியே, பின்னர் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. வேப்பேரியில் 1903-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. ஓசூரில் 1924-இல் அரசினர் கால்நடைப் பண்ணை ஏற்பட்டது. இராணிப்பேட்டையில் 1932-இல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் எழுந்தது. வெக்கை நோய் கண்டால் ஊர்மாடெல்லாம் மாண்டொழிந்த கொடுமையை நம் பாட்டனார் காலத்தவர் கண்டனர். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என 2011-இல் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் நன்மைகளே, மறுப்பாரில்லை.

இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசப்பாகலாம். வரலாறு எழுதுவோன் இனிப்பை மட்டும் பரிமாறுதல் நேர்மையன்று. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் எவ்வாறு வந்தது? 1912-இல் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தருகே நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அதற்கு முன்னர்ச் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டு, சீமைக்கு மிகுதியாக ஏற்றுமதி செய்தனர். முதல் உலகப் பெரும்போரில் சிப்பாய்களின் பூட்சுக்கு அத்தோல் மிக வேண்டியதாயிற்று. தோலை ஆராய்வதற்கென்றே 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அத்தோலெல்லாம் யாருடைய மாட்டின் தோல்? வானிலிருந்து இறங்கிய மாட்டின் தோலன்று. நம் தொழுவத்தினின்றும், நம்மைப் போன்றார் தொழுவத்தினின்றும் சந்தைக்கு ஓட்டிச்செல்லப்பட்ட மாட்டின் தோலே.

'நாம் பால் விற்கும் குலத்தார், கண்ணபிரான் வழியினர், இறைச்சித் தொழிலுக்கும் நமக்கும் யாதோர் இயைபும் இல்லை' என்று நம்முட் சிலர் கூறுவதுண்டு. அவர்தம் பத்திமையை யாம் குறை கூறேம். ஆயினும், கறவை வற்றிய பசுவையும், உழவுக்கு ஆகாத எருதையும், கறவைக்காரர் வீட்டிற் பிறந்த காளைக்கன்றையும் யாது செய்தோம் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தாமே வினாவுக. தரகர் வந்தார், பல்லைப் பார்த்தார், விலை பேசினார், கயிற்றை மாற்றிக்கொண்டு ஓட்டிச் சென்றார். எங்கே ஓட்டிச் சென்றார் என்று நாம் கேட்கவில்லை. அடிமாடு என்னும் சொல்லை அறியாத வீடு நம்முள் உண்டோ? அவ்விலையினின்றே அடுத்த கறவையை வாங்கினோம். பழைய முதல் புதிய முதலாகும் வழி அதுவாயிருந்தது. கொள்வோரை இழிவாக எண்ணி, கொடுத்த நம்மை மட்டும் தூயராக எண்ணுதல் அறமாகாது. சங்க நூல்களுள் அகநானூற்றிலும் ஆவின் ஊன் உண்டார் செய்தி காணப்படுகின்றது. ஆதலின் இவ்வழக்கம் பிறநாட்டார் கொணர்ந்தது மட்டுமே என்பதும் பொருந்தாது. 1958-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டமும், பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்திற்கும் ஆகாத மாடெனச் சான்று பெறுதல் வேண்டும் என்றே விதித்தது. உண்போர், உண்ணார், விற்போர், பதனிடுவோர் ஆகிய நால்வரும் ஒரே கயிற்றிற் பிணைந்தவர்.

ஆனால் ஒன்று தெளிவு. நம் நாட்டில் இறைச்சிக்கென்று எவரும் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்க்கவில்லை. ஏர் இழுக்கவும், கவலை இறைக்கவும், வண்டி இழுக்கவுமே காளையைத் தேர்ந்தனர். இறைச்சியும் தோலும் வாழ்வின் முடிவில் வரும் எச்சமே. நம் நாட்டு மாட்டையே கொண்டு, இறைச்சிக்கென்று இனம் தேர்ந்து வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டியோர் கடலுக்கு அப்பால் உளர். அவ்வரலாறு நாம் அறிய வேண்டுவது.

பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தது ஒங்கோல் தாலுக்கா. 1904-இல் அது குண்டூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அங்கே வெண்ணிறமும், உயர்ந்த திமிலும், தளர்ந்து தொங்கும் கழுத்துத்தோலும் உடைய பேரின மாடு உண்டு. நாம் அதனை ஒங்கோல் மாடு என்றும் நெல்லூர் மாடு என்றும் கூறுவோம். 1868-இல் இவ்வினத்து மாடு இரண்டு, சீமை நோக்கிச் சென்ற கப்பலில் பிரேசில் நாட்டுச் சல்வதோர் துறைமுகத்தில் விலைக்கு இறங்கின. 1878-இல் லெம்கிரூபர் என்னும் பிரேசில் நாட்டு நிலக்கிழார், செருமனியில் ஆம்பர்க் நகரத்து விலங்குக்காட்சிச் சாலையில் இவ்வினத்து மாடுகளைக் கண்டு வியந்து, விலை கொடுத்து வாங்கித் தம் பண்ணைக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பிய மாடுகள் அந்நாட்டு வெயிலுக்கும் உண்ணிக்கும் ஆற்றாது மெலிந்தன. நம் மாடோ வெயிலைப் பொருட்படுத்தவில்லை. உண்ணி அதனை மிகுதியாகப் பற்றவில்லை. வறண்ட புல்லையும் தின்று கன்று ஈன்றது. லெம்கிரூபர் குடும்பத்தார் தம் மந்தையைப் பிற இரத்தம் கலவாது தலைமுறை தலைமுறையாகப் பேணினர். இன்றும் அவ்வழி மாடுகள் அக்குடும்பப் பெயராலேயே வழங்குகின்றன.

இவ்வேற்றுமதிக்கு இடையூறும் நேர்ந்தது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசில் நோக்கிச் சென்ற மாடுகள் வழியில் பெல்சிய நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது, அவற்றால் வெக்கை நோய் அந்நாட்டிற் பரவிற்று. அத்தீங்கே காரணமாக நாடுகள் பல கூடி, 1924-இல் பாரிசு நகரில் விலங்கு நோய்களைக் கண்காணிக்கும் அனைத்துலக நிலையத்தை நிறுவின. பின்னரும் 1930-லும், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் மாடுகள் சென்றன. செல்சோ கார்சியா சித், தோரஸ் ஓமெம் ரோட்ரிகஸ் தா குன்யா முதலிய பண்ணையார்கள் இந்தியாவுக்கு நேரில் வந்து தேர்ந்து கொண்டனர். பெர்னாண்டோ டி நொரோன்யா என்னும் தீவில் அம்மாடுகளை ஒதுக்கி வைத்து, நோயில்லை எனத் தெளிந்த பின்னரே நாட்டுக்குள் விட்டனர். அவற்றுள் கர்வாதி என்னும் காளை மிகப் புகழ் பெற்றது. அஃது ஒங்கோலை அடுத்த ஓர் ஊரின் பெயர். ஆந்திர நாட்டுச் சிற்றூரின் பெயர் பிரேசில் நாட்டுப் பண்ணையார் வீடுகளில் இன்றும் வழங்குகின்றது. நம் பிள்ளைகளோ அதனைக் கேட்டறியார்.

இன்று பிரேசில் நாட்டில் இருபது கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உள. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இந்திய மாட்டின் இரத்தம் கலந்துளது. அந்நாட்டார் இவ்வினத்தை நெலோர் என்பர். நெல்லூர் என்பதன் திரிபே அது. 2023-இல் வியாத்தினா-19 என்னும் நெலோர்ப் பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலத்தில் விலைபோயிற்று. அவ்விலையின்படி முழுப்பசுவின் மதிப்பு நாற்பது இலட்சம் டாலருக்கு மேலாயிற்று. அப்பசுவின் எடை 1,100 கிலோவுக்கு மேல். வட அமெரிக்காவிலும் நம் நாட்டு மாடுகள் பலவற்றைக் கலந்து 'பிராமன்' என்னும் ஓர் இறைச்சி இனத்தை உண்டாக்கி, 1924-இல் அதற்கெனச் சங்கமும் அமைத்தனர். பிராமணர் பெயரால் வழங்கும் மாடு இறைச்சிக்கு வளர்க்கப்படுவதை எண்ணுங்கால் நகைப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

அவர்கள் பெற்ற வெற்றிக்குக் காரணம் யாது? அறிவில் நாம் தாழ்ந்தோமல்லோம். மாட்டின் சுழியும் நடையும் பார்த்துக் குணம் சொல்லும் கலை நம்மிடமே பிறந்தது. நிலம் அவர்க்கு மிகுதி என்பது மெய். அந்நிலத்தின் பொருட்டு அமேசான் பெருங்காட்டில் ஒரு பகுதியை அழித்துப் புல்வெளியாக்கினர் என்பதும் மெய். அத்தீங்கை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆனால் நிலத்தினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. நம்மிடம் நாவில் நின்ற நினைவை அவர்கள் ஏட்டில் எழுதினர். உபெராபா என்னும் ஊரைச் சூழ்ந்த மாட்டுப் பண்ணைக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, வமிசாவளிப் பதிவேடு தொடங்கின. இவ்வினத்திற்கு இன்ன இலக்கணம் என்று 1938-இல் வரையறுத்து, அதனோடு ஒவ்வாதவற்றைப் பதிவேட்டில் ஏற்க மறுத்தன. கன்று பிறந்த நாள், தாய், தந்தை, திங்கள்தோறும் ஏறிய எடை ஆகிய எல்லாம் எழுதப்பட்டன. தந்தை இறந்தால் மகன் அவ்வேட்டைத் தொடர்ந்தான். சாவா மூவா நிரை என்னும் நம் முன்னோர் கருத்து, அங்கே ஒரு பதிவேட்டின் வடிவில் உயிர் பெற்றது. சங்கம் என்பது கல்யாணத்திற்கும் தேர்தலுக்கும் மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

இங்கே நிகழ்ந்தது யாது? 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக் காட்டு நிலத்திற்கு வந்தது. வீடுகளும், தொழிற்சாலைகளும், சாலைகளும் பெருகின. இவற்றால் நம் பிள்ளைகள் கல்வியும் வேலையும் பெற்றனர். ஆதலின் அவற்றைப் பழித்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும் மேய்க்கால் நிலம் மனையாயிற்று. ஏரிக்கரையின் புல் மறைந்தது. எருமை படிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிற்று. உழுவண்டி வந்தமையால் எருது வேண்டாததாயிற்று. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழியே பால் மிகுந்தது. கூடவே செர்சி, ஓல்ஸ்டீன் முதலிய அயலினக் கலப்பும் மிகுந்தது. ஊசி வழியே சினை கொள்ளும் காலத்தில் ஊர்ப் பொலிகாளைக்கு வேலை இல்லாது போயிற்று. ஆக, முன்னர் யாம் கூறிய காளை, நிலம், நினைவு என்னும் மூன்றும் இரண்டு தலைமுறைக்குள் நம் கையை விட்டு நீங்கின.

எம் வகுப்பில் ஒருமுறை முல்லைத் திணையைக் கற்பிக்குங்கால், மந்தைவெளி என்றால் என்ன என்று வினவினோம். 'பேருந்து நிலையம்' என்று ஒரு சிறுவன் உடனே விடை கூறினான். வகுப்பு நகைத்தது. அவன் நம் குலத்துச் சிறுவனே. அவனுடைய பாட்டனார் முப்பது உருப்படி மேய்த்தவர் என்பதையும் யாம் அறிவோம். யாம் நகைக்கவில்லை. சென்னையிலுள்ள அவ்விடத்தில் முன்னொரு காலத்தில் மந்தை மேய்ந்தது என்று சொன்னபொழுது, அச்சிறுவன் எம்மை நம்பாதவன்போலவே நோக்கினான். குற்றம் அவனதன்று. சொல்ல வேண்டிய நாம் சொல்லாதுவிட்டோம்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. மாநகரில் மாடு வைத்திருத்தல் எளிதன்று. சாலையில் திரியும் மாட்டைப் பிடித்து அடைத்தலும் தண்டம் விதித்தலும் நிகழ்கின்றன. மாடுடையார் இதனைக் கொடுமையென்பர். வழிச்செல்வோர் மாட்டால் இடருற்றேம் என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. மேயும் நிலம் போன பின்னர் மாடு எங்கே போகும்? அது சாலைக்கு வந்தது. ஆயினும், பால் கறந்து கொண்டு பசுவைச் சுவரொட்டி தின்ன விடுதல் ஆயர் மரபன்று; அதனை நாமே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தார் ஆராய்தற்பொருட்டு மூன்று கருத்துக்களை முன்வைக்கின்றோம். முதலாவது, மாடு வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். தாய், தந்தை, பிறந்த நாள், ஈற்று, கறவை, நோய் ஆகிய ஆறும் எழுதுக. இதற்குப் பொருட்செலவில்லை, நாளொன்றுக்கு அரை நாழிகை போதும். பிள்ளைகள் எழுதின், அவர்கட்கு மாடும் தெரியும், எழுத்தும் அழகாகும். இரண்டாவது, நகருள் இடமில்லாதார் கூடிச் செங்கற்பட்டுக்கு அப்பால் நிலம் கொண்டு, நாட்டின மந்தை ஒன்றைக் கூட்டுமுதலாக நடாத்தலாம். நம் புறநகர்க்கு அணித்தாய்க் காட்டுப்பாக்கத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உளது. அதன் அறிவுரை பெறுதல் அரிதன்று. பாலுக்கோ, எருவுக்கோ, இனவிருத்திக்கோ, எதன்பொருட்டு வளர்க்கின்றோம் என்பதனையும், வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் யாது செய்வோம் என்பதனையும் முதல் நாளே வெளிப்படையாக முடிவு செய்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூறாது தொடங்கிய தொழுவமெல்லாம் இறுதியில் தரகர் கையிலேயே முடிந்தன. மூன்றாவது, முதியோர் நினைவைப் பதிதல் வேண்டும். நூறு மாட்டின் வழியைச் சொல்லவல்ல பெரியவர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு பதிவேடு எரிகின்றது என்றே கொள்ளுக.

சோழ மன்னன் நம் முன்னோர் கையில் நாற்பத்தெட்டுப் பசுக்களை ஒப்புவித்தபோது, 'இவை சாகா, மூவா' என்று நம்பியே ஒப்புவித்தான். அந்நம்பிக்கை பசுவின்மேல் வைத்ததன்று. பேணும் குடும்பத்தின்மேல் வைத்தது. அதே நம்பிக்கையை அயல்நாட்டுக் குடும்பங்கள் நம் மாட்டைக் கொண்டே மெய்ப்பித்துக் காட்டின. மாடம்பாக்கத்துக் கோயிலில் விளக்கு இன்றும் எரிகின்றது. அதற்கு நெய் அளக்க நம் வீட்டு மாடு ஒன்றேனும் உண்டா என்பதை, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், அன்பர்கள் தம் இல்லத்துப் பெரியோரை உசாவுவாராக. அவர் கூறும் விடையை எழுதி நம் சங்கத்திற்கு அனுப்புவாராக. பதிவேட்டின் முதற்பக்கம் அதுவே ஆகுக.